நஞ்சராயன் குளத்தில் பறவைகளை எண்ணுபவர்கள்

திருப்பூர் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி நஞ்சராயன் குளம் இருக்கிறது. பரப்பு 125.865 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 311. ஆழம் குறைந்த, அகலமான நீர்ப்பரப்பு. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்தும் விடியாத நேரத்தில் அதன் கரையில் பைனாகுலரும் குறிப்பேடுமாகச் சிலர் நிற்பார்கள். பறவைகளைப் பார்த்து ரசிப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. எந்த இனம், எத்தனை, குளத்தின் எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. பெட்ரோல் செலவும் அவரவருடையது. பனியன் கம்பெனி ஊழியர், ஆசிரியர், கல்லூரி மாணவர், கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை இது. காட்டுயிர்களைத் தன்னார்வலர்கள் கணக்கெடுப்பது என்று உலகம் முழுவதும் நடந்துவரும் பெரிய முயற்சியின் திருப்பூர்ப் பகுதி இது.

அந்த முயற்சிக்கு வயது நூற்றாண்டுக்கு மேல். 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வட அமெரிக்காவில் 27 பேர் தங்கள் ஊர்களில் கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தார்கள். அதுவரை கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகப் பறவைகளைச் சுடுவது என்று போட்டி நடத்துவது அங்கே வழக்கமாக இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் அதற்கு மாற்றாக இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். அது இன்றுவரை விட்டுப்போகாமல் நடக்கிறது. நீர்ப்பறவைகளுக்கென்று உலகளாவிய கணக்கெடுப்பு 1967-இல் தொடங்கியது. அதன் ஆசியப் பிரிவான ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பமானது. ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் நடப்பது இது. வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் அந்த வாரங்களில் குளிர்கால இடங்களில் நிலைகொண்டுவிடும். அதிகம் இடம் மாறாது. எல்லா ஊர்களிலும் ஒரே சமயத்தில் எண்ணினால், ஒரே கூட்டம் இரண்டு ஊர்க் கணக்கில் சேரும் ஆபத்தும் குறைகிறது.

நஞ்சராயன் குளம் இயற்கையாக உண்டான ஏரி இல்லை. கொங்கு நாட்டின் பல குளங்களைப் போல மனிதர்கள் பாசனத்துக்காகக் கரை கட்டித் தேக்கியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்ற மன்னர் இதைச் செப்பனிட்டதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. திருமுருகன்பூண்டிக் கோயிலை ஒட்டி வரும் நல்லாறுதான் இதற்கு நீர் கொண்டுவருகிறது. நல்லாறு நொய்யலைச் சேர்ந்தது. நொய்யலோ வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. இந்த ஆற்றின் வரலாறு தெரியாமல் இந்தக் குளத்தின் பறவைகளைப் பற்றிப் பேச முடியாது.

சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் நொய்யல் சாயக்கழிவை ஏந்திச் செல்லும் வாய்க்காலாக மாறியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, விவசாயத்துக்கு நீர் தருவதற்குப் பதில் கழிவைத் தேக்கிவைக்கும் இடமானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. திருப்பூரே நிலைகுலைந்த நாட்கள் அவை. வேலையிழந்து சொந்த ஊர் திரும்பியவர்கள் பலர். சாயநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதன்பின் இந்த ஊரின் தொழிலோடு பிரிக்க முடியாதவை ஆகின. இத்தகைய நிலப்பகுதியில் ஒரு குளம் பறவைகள் சரணாலயம் ஆனது சாதாரண நிகழ்ச்சி இல்லை.

அது 2022-இல் நடந்தது. நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 14 அன்று, விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி, மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கம் ஆகியவற்றோடு இதுவும் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் வரும் பட்டியல் அது. நஞ்சராயனும் கழுவேலியும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் ராம்சர் தலங்கள் 18 ஆயின.

அறிவிப்பின்போது வெளியான விவரங்களைப் படித்தால் தன்னார்வலர்களின் உழைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள், 7 வகைத் தவளை தேரைகள், 21 வகை ஊர்வன, 11 வகைச் சிறு பாலூட்டிகள், 77 வகைத் தாவரங்கள் என்று அதில் கணக்கு இருந்தது. 191 வகைப் பறவைகளை ஒரு நாளில் யாரும் பார்த்துவிட முடியாது. ஒரு பருவத்திலும் முடியாது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கரைக்குப் போய் எழுதிய பட்டியல்களைச் சேர்த்தால்தான் இப்படி ஓர் எண் கிடைக்கும். திருப்பூர் இயற்கை கழகம் என்ற உள்ளூர் அமைப்பினர் இந்தக் குளத்துப் பறவைகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்தார்கள். குளத்தைக் காக்க வேண்டும் என்று விடாமல் கேட்டும் வந்தார்கள். கையில் பட்டியல் இருந்ததால் அந்தக் கோரிக்கைக்கு எடை இருந்தது. ஒரு நீர்நிலையைக் காப்பாற்றச் சொல்லி அரசிடம் போகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, அங்கே என்ன இருக்கிறது என்பதுதான்.

கணக்கெடுக்கும் முறையில் பலர் நினைப்பதைவிட ஒழுங்கு அதிகம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பில் அனல் எழுந்து தூரத்துப் பறவைகளின் உருவம் நெளியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். பெரிய குளமென்றால் கரையைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு குழுவின் எல்லை எங்கே முடிகிறது, அடுத்த குழு எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு மரம், ஒரு மதகு, ஒரு மின்கம்பம் என்று முன்னமே பேசி வைத்துக்கொள்வார்கள். நடப்பது ஒரே திசையில். பருந்து பறந்து வாத்துக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பி அடுத்தவர் பகுதியில் இறங்கினால், அது எத்தனை மணிக்கு நடந்தது என்று இருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மாலையில் கணக்கைச் சேர்க்கும்போது இருநூறு வாத்து நானூறாகிவிடும்.

உபகரணம் அதிகம் தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி கொண்ட பைனாகுலர் பெரும்பாலோருக்குப் போதும். அதைவிட அதிகம் பெரிதாக்கும் கருவியைக் கையில் பிடித்தால் நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். தூரத்துத் திட்டில் உட்கார்ந்திருக்கும் உள்ளான்களைப் பிரித்தறிய மட்டும் முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும். குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

கூட்டத்தை எண்ணுவது தனிக் கலை. நீரில் பரவியிருக்கும் ஐந்நூறு நாமக்கோழிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினால் நூறைத் தாண்டும்முன் அவை இடம் மாறிவிடும். அனுபவமுள்ளவர்கள் முதலில் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணுவார்கள். அந்தப் பத்து, பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அதே அளவு இடத்தைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போய்ப் பத்து, இருபது, முப்பது என்று எண்ணுவார்கள். கூட்டம் இன்னும் பெரிதானால் அலகு ஐம்பதாகவோ நூறாகவோ மாறும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடித்த பிறகுதான் எண்ணைச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் 420 என்றும் மற்றவர் 460 என்றும் சொன்னால் நல்ல கணக்கு. ஒருவர் 300, மற்றவர் 700 என்றால் இருவரும் மறுபடி எண்ண வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுவார்கள். நெருக்கமான கூட்டத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருப்பதைக் கண் விட்டுவிடும்.

இனத்தை அடையாளம் காண்பதில் ஆண் வாத்துகள் சிரமம் தருவதில்லை. நீண்டு கூர்ந்த வாலோடு ஊசிவால் வாத்து தனித்துத் தெரியும். நுனி அகன்ற அலகைப் பார்த்ததும் தட்டைவாயனைச் சொல்லிவிடலாம். பெண் வாத்துகள்தான் சோதனை. நீலச்சிறகியின் பெண்ணும் கிளுவையின் பெண்ணும் பழுப்பில் புள்ளி போட்ட சின்ன வாத்துகள். ஒரே இடத்தில் மேயும். நீலச்சிறகிப் பெண்ணின் முகத்தில் கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர்கோடுகள் அழுத்தமாக ஓடும். கிளுவைப் பெண்ணின் முகம் அவ்வளவு வரிவரியாக இருக்காது. அது சிறகை விரித்து உதறும் கணத்தில் பளிச்சென்று ஒரு பச்சைத் திட்டு தெரியும். அந்தக் கணத்துக்காகக் கால் மணி நேரம் பைனாகுலரை இறக்காமல் நிற்பவர்கள் உண்டு. தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வாத்து’ என்று எழுதலாம். அதில் தப்பில்லை. ஊகித்து எழுதுவதுதான் தப்பு.

முக்குளிப்பானை எண்ணும்போது வேறொரு சிக்கல் வருகிறது. சின்னஞ்சிறிய இந்த நீர்ப்பறவை நொடிக்கொரு தரம் மூழ்கும். எங்கே எழும் என்று சொல்ல முடியாது. பார்வை ஓடிய நேரத்தில் நீருக்குள் இருந்தவை கணக்கில் வராது. மூழ்கி எழுந்தவை இரண்டு தரம் எண்ணப்படலாம். இருப்பது எத்தனை, தெரிவது எத்தனை என்ற இந்த இடைவெளி எல்லாக் காட்டுயிர்க் கணக்கெடுப்புகளையும் வாட்டுகிற பிரச்சினை. அது பூதாகரமாகி நிற்கும் இடம் கடல்.

கடலில் ஓங்கல்களை, அதாவது டால்பின்களை, எண்ணுகிறவர்களுக்குத் தெரிவது ஒரு முதுகுத் துடுப்பும் ஒரு மூச்சும்தான். ஆற்றிலும் இதே கதைதான்: கங்கையில் வாழும் ஓங்கல் மூச்சுவிட மேலே வந்து ஓரிரு நொடியில் மறைந்துவிடும். 2021 முதல் 2023 வரை எட்டு மாநிலங்களில் 28 ஆறுகளில் 8,500 கிலோமீட்டருக்கு மேல் படகில் சென்று ஆற்று ஓங்கல்களைக் கணக்கெடுத்தபோது இதற்கொரு வழி கையாளப்பட்டது. இரண்டு குழுக்கள் ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாமல் தனித்தனியாகப் பதிவு செய்வார்கள். ஒரு குழு கண்டு மற்றது தவறவிட்டவை எத்தனை என்று ஒப்பிட்டால், இரண்டு குழுக்களுமே தவறவிட்டவை எத்தனை இருக்கும் என்று கணிக்கலாம். நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளும் துணைக்கு இருந்தன. 2025 மார்ச்சில் வெளியான அந்தக் கணக்கு 6,327 ஓங்கல்கள் என்றது. விரிந்த கடலில் முன்கூட்டியே வரைபடத்தில் போட்ட நேர்கோடுகளில் படகு ஒரே வேகத்தில் போகும். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். கண்டது எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்பதும் பதிவாகும். தூரம் கூடக்கூடக் கண்ணுக்குத் தப்புவது கூடும். எவ்வளவு கூடும் என்பதை அந்தப் பதிவுகளே காட்டிக்கொடுக்கும்.

படகு இல்லாமலும் கடலைக் கண்காணிக்கலாம். ஸ்காட்லாந்தின் கடற்கரைகளில் தன்னார்வலர்கள் குறிப்பிட்ட மேட்டில் நின்று பத்து நிமிடம் கடலைப் பார்த்து எழுதும் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக நடக்கிறது. பத்து நிமிடத்தில் ஓர் ஓங்கலும் தெரியவில்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், எழுதாமல் விடக்கூடாது. எப்போது எங்கே இல்லை என்பது தெரியாமல், எப்போது எங்கே இருக்கின்றன என்பதற்குப் பொருள் கிடையாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் ஒரே ஓங்கல் கூட்டம் தொடர்ந்து கவனிக்கப்படுகிறது. துடுப்பின் விளிம்பிலுள்ள வெட்டுகளையும் தழும்புகளையும் படம் பிடித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் வைத்திருக்கிறார்கள். எந்தத் தாயின் குட்டி எது என்பதுகூடத் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கடலில் இந்தக் கண்காணிப்பின் முதுகெலும்பு மீனவர்கள்தான். பாக் விரிகுடாவில் கடல்பசுவைக் காக்கும் திட்டத்தில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தது. வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விடுவிப்பவர்களுக்குப் பாராட்டும் பரிசும் உண்டு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு மீனவர்களின் ஒத்துழைப்பு அடித்தளம். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு அருகே எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியபோது படகில் கட்டி இழுத்து ஆழ்கடலில் விடப் போராடியவர்களும் மீனவர்களே. அவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்து இறந்தன. அதே கரைப்பகுதியில் 1973-லும் ஒரு பெருங்கூட்டம் ஒதுங்கியது பதிவில் இருப்பதால்தான் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது.

குளத்துக்கே திரும்பலாம். கரையில் எழுதிய தாள் பிறகு எங்கே போகிறது? நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் படிவத்தில் பறவைகளின் எண்ணிக்கையோடு, குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா, குப்பை கொட்டப்படுகிறதா, மீன் வலை இருக்கிறதா என்ற கேள்விகளும் உண்டு. இந்தியாவில் அவை மும்பையைச் சேர்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக ஆசியத் தொகுப்பில் சேர்கின்றன. தமிழ்நாடு வனத்துறையும் சமீப ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் நடத்தும் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. இவை தவிர, ஆண்டு முழுவதும் எவரும் தம் பட்டியலைப் பதிவேற்றக்கூடிய ஈபேர்ட் என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கியது. அதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த வரவேற்பின் அடையாளம் 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில், வீட்டு மொட்டைமாடியிலோ சொந்த ஊர் வயலிலோ குறைந்தது கால் மணி நேரம் நின்று கண்டதையெல்லாம் எழுதி ஏற்ற வேண்டும்.

ஈபேர்ட் கேட்கும் விவரங்களில்தான் அதன் பலம் இருக்கிறது. எந்த நேரத்தில் தொடங்கி எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்து, எத்தனை பேர் பார்த்தார்கள், அடையாளம் தெரிந்த எல்லா இனத்தையும் எழுதினார்களா என்று அது கேட்கிறது. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால்தான் பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடும் பட்டியலால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு. நம்ப முடியாத எண்ணோ ஊருக்குப் பொருந்தாத இனமோ வந்தால் அந்தந்தப் பகுதியின் பறவைகளை நன்கறிந்த சரிபார்ப்பாளர்கள், அவர்களும் தன்னார்வலர்களே, படம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுவார்கள்.

இப்படி இந்தியா முழுவதும் சேர்ந்த பட்டியல்களை வைத்துத்தான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2020-லும் 2023-லும் வெளியானது. இரண்டாவது அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்புக் கவனம் வேண்டும் என்றது. பனங்காடை, கிளுவை, தட்டைவாயன் போன்றவை அச்சுறுத்தல் இல்லாதவை என்று நம்பப்பட்டவை. அவற்றின் எண்ணிக்கை அதிகம் சரிந்திருப்பதால் உலகப் பட்டியலில் அவற்றின் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. சர்வசாதாரணம் என்று யாரும் பொருட்படுத்தாத பறவைகளின் சரிவை, சாதாரணப் பறவைகளையும் விடாமல் எழுதிய சாதாரண மனிதர்கள்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தன்னார்வலர் பதிவுகளில் குறைகளும் உண்டு. அவற்றை மூடி மறைக்கத் தேவையில்லை. விடுமுறை நாளில்தான் ஆள் வருகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் திருப்பூரில் வார நாட்களின் பதிவு மெலிந்துதான் இருக்கும். சாலை வசதியுள்ள, பெயர் பெற்ற குளத்துக்குக் கூட்டம் வருகிறது. சரணாலயம் என்ற பெயரில்லாத குளங்களை எட்டிப் பார்க்க ஆளில்லை. திருப்பூர் வட்டாரத்தின் சாமளாபுரம் குளமும் ஆண்டிப்பாளையம் குளமும் நஞ்சராயன் அளவுக்குத் தொடர்ந்து எண்ணப்பட்டால், ஓரிடத்தில் வாத்து குறைந்ததா, அல்லது பக்கத்துக் குளத்துக்குப் போய்விட்டதா என்று சொல்ல முடியும். புகைப்படத்துக்காக மட்டும் வருகிறவர்கள் பெருகியிருப்பது இன்னொரு தொல்லை. ஒரு நல்ல படத்துக்காகக் கூடுகட்டும் பறவையை நெருங்குவதும், கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படமெடுப்பதும் மன்னிக்க முடியாத செயல். வெயில் நேரத்தில் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால் முட்டைகள் சூட்டில் கெட்டுவிடும்.

எண்ணும் முறை ஆண்டுக்காண்டு மாறாமல் இருப்பதே இந்தக் குறைகளுக்கெல்லாம் மருந்து. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சாயமிட்ட துணியின் ஷேடை ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரே விளக்கொளியில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்; வெளிச்சம் மாறினால் ஒரே துணியும் வேறாகத் தெரியும். சென்ற ஆண்டு ஐந்து பேர் மூன்று மணி நேரம் எண்ணியதையும் இந்த ஆண்டு இருவர் ஒரு மணி நேரம் எண்ணியதையும் பக்கத்தில் வைத்துப் பறவை குறைந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. அதே பாதை, அதே மாதம், அதே நேரம், முடிந்தால் அதே ஆட்கள். எண்ணுபவர் கொஞ்சம் குறைத்தே எண்ணுகிறவர் என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் அவரே எண்ணினால் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரிந்துவிடும்.

நஞ்சராயனில் அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டிய அவசியம் மற்ற இடங்களைவிட அதிகம். நல்லாறு நகரத்தின் ஓரத்தைத் தழுவி வருகிறது. மழைநீரோடு குடியிருப்புகளின் கழிவுநீரும் அதில் சேர்கிறது. நீர் முழுவதுமாக வற்றாமல் இருப்பதும் புழு பூச்சி பெருகுவதும் சில பறவைகளுக்குச் சாதகம். ஆனால் அதே சத்தில்தான் ஆகாயத்தாமரையும் செழிக்கிறது. அது நீர்ப்பரப்பை மூடினால் திறந்த நீரில் மேயும் வாத்துகளுக்கும் முக்குளித்து மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் இடமில்லை; தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் கொண்டாட்டம். நீர்மட்டத்தின் கதையும் அப்படித்தான். குளம் நிரம்பித் ததும்பினால் கூழைக்கடாவுக்கு நல்லது, கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு உட்காரக்கூட இடமிருக்காது. மொத்தப் பறவை எண்ணிக்கை அப்படியே இருக்க, உள்ளே இனங்களின் விகிதம் தலைகீழாக மாறியிருக்கலாம். இனவாரிக் கணக்கு இல்லாமல் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

குளிர்காலத்தில் இங்கே வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்துக்குத் தனி மதிப்பு. வெண்தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட இந்தப் பெரிய வாத்து, மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலைக்கு மேலாகப் பறந்து தெற்கே வருகிறது. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் சில வாத்துகளுக்குக் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த பட்டை அணிவித்து விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாத்துகள் கர்நாடகத்தின் ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. கரையில் நிற்பவர் அந்த எழுத்தைச் சரியாகப் படித்துத் தெரிவித்தால், ஒரு தனிப் பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்த வழி உறுதியாகிவிடுகிறது. அதனால்தான் வரித்தலை வாத்தைக் கண்டால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றின் கழுத்தையும் காலையும் ஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்லித்தருகிறார்கள்.

சேர விரும்புகிறவர்களுக்குப் பறவை அறிவு முன்தகுதி கிடையாது. முதல் நாளில் எழுதுபவராகப் போகலாம். அனுபவமுள்ளவர் சொல்லச் சொல்லப் படிவத்தில் கோடு போடுவதும் நேரத்தைக் குறிப்பதும் அவசியமான வேலைகள்தான். மங்கலான நிற உடை, தொப்பி, தண்ணீர் போதும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழிலேயே படித்துப் பழக உதவும். வீட்டருகே தெரியும் இருபது பறவைகளைத் தெளிவாக அடையாளம் காணப் பழகிவிட்டுக் குளக்கரைக்கு வருவது எளிய வழி. சரணாலயம் என்பதால் வனத்துறையின் விதிகளை மதிக்க வேண்டும். கணக்கெடுப்பு நாட்களில் அனுமதியோடும் குழுவோடும் போவதே முறை. ட்ரோன் பறக்கவிடுவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது.

மார்ச் முடிந்ததும் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிவிடும். கரைக்கு வரும் ஆட்களும் குறைந்துவிடுவார்கள். உள்ளூர்ப் பறவைகள் அப்போதும் இங்கேதான் இருக்கின்றன. புள்ளிமூக்கு வாத்தும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் தாழைக்கோழியும் கோரைகளுக்குள் குஞ்சுகளோடு திரிகிற மாதங்களும் உண்டு. எத்தனை குஞ்சுகள் பொரிந்தன, அவற்றில் எத்தனை வளர்ந்தன என்பதை ஜனவரிக் கணக்கிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலான குளங்களின் பட்டியல்கள் மெலிந்தே இருக்கும். அந்த மாதங்களில் மாதம் ஒரு காலை, அதே பாதையில் நடந்து எழுதப்படும் பட்டியலுக்கு ஆய்வாளர்களிடம் மதிப்பு மிக அதிகம்.